ரோல்-ஆன் இல்லாமல், பாலியஸ்டர் யூனிஃபார்மில் ஒரு நாளை ஓட்டுவது எப்படி?

கூடுவாஞ்சேரிக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் கூச்சமான விஷயம். வீட்டில் கேட்டால் "ஒழுங்கா தேய்ச்சுக் குளி" என்பார்கள், கடையில் கேட்டால் சிரிப்பார்கள். அதனால் இங்கே.

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை செக்‌ஷனில் நிற்கிறேன். கடைப் பெயர் வேண்டாம். காலையில் உள்ளே போனால் இரவு ஒன்பதுக்கு மேல்தான் வெளிக்காற்று. எங்கள் வேலையே கையைத் தூக்குவதுதான். மேல் தட்டிலிருந்து இறக்கு, பிரி, தோளில் போட்டுக் காட்டு, மடி, திரும்ப ஏற்று. கஸ்டமர் கேட்கிற மாம்பழக் கலர் கீழ்த் தட்டில் இருந்ததாகச் சரித்திரமே இல்லை. ஏசி உண்டு. அது கஸ்டமர் பக்கம் பார்த்து ஊதும். எங்கள் தலைக்கு மேல் பட்டு மின்னுவதற்கான லைட். 2021இல் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்ததே, அப்போது எங்களுக்கும் ஸ்டூல் வந்தது. இப்போது அதில் புடவைக் கட்டு உட்கார்ந்திருக்கிறது. சரி, அது வேறு கதை.

யூனிஃபார்ம் மெரூன் பாலியஸ்டர் புடவை, அதே துணியில் பிளவுஸ். கடையே தருவது, இரண்டு செட்.

இத்தனை வருஷமும் வியர்வையையே அடக்குகிற ஒரு ரோல்-ஆன் போட்டு ஓட்டிவிட்டேன். போன பங்குனியில் இரண்டு அக்குளும் சிவந்து, அரித்து, தோல் தடித்துக் கறுத்துவிட்டது. புடவையை எட்டி எடுக்கும்போது கண்ணில் தண்ணீர் வரும். தோல் டாக்டர் க்ரீம் கொடுத்து, "ஆறுகிற வரை ரோல்-ஆன், ஸ்ப்ரே, பவுடர் எதுவும் வேண்டாம். ஆறின பிறகும் வாசனை சேர்த்த எதையும் தொடாதீங்க" என்றார். தோல் ஆறிவிட்டது. நாற்றம் ஆரம்பித்துவிட்டது.

இரண்டு வேளை குளிக்கிறேன். காலையில் ரயில் ஏறும்போது ஒன்றும் இல்லை. மாம்பலத்தில் இறங்கி, ரங்கநாதன் தெரு நெரிசலில் நீந்தி, கடைக்குள் போய் ஒரு அரை மணி ஆனால் போதும், அந்தக் கற்றாழை நாற்றம் எனக்கே வருகிறது. மதியத்துக்குள் பக்கத்தில் நிற்கிற பெண் ஓர் அடி தள்ளி நிற்கிறாள். அவள் நல்லவள், ஒன்றும் சொல்ல மாட்டாள். அதுதான் இன்னும் கஷ்டம். ஃப்ளோர் சூப்பர்வைசர் அப்படி இல்லை, "கொஞ்சம் சென்ட் அடிச்சிக்கோம்மா" என்று கஸ்டமர் முன்னாலேயே சொல்லிவிட்டார்.

எனக்குப் புரியாத ஒன்று இருக்கிறது. செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு. அன்றைக்குக் காட்டன் நைட்டியில் அடுப்படியில் நின்று வியர்த்துக் கொட்டினாலும் இந்த நாற்றம் இல்லை. கடைக்குப் போகிற நாளில் மட்டும் வருகிறது. என்ன கணக்கு இது?

இன்னும் இரண்டு கேள்வி. ரோல்-ஆனை விட்டால் அக்குளில் சேர்ந்த விஷமெல்லாம் வெளியேறும், களிமண் பூசினால் சீக்கிரம் போகும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். உண்மையா? ரோல்-ஆன் போட்டால் மார்பகப் புற்றுநோய் வரும் என்று குடும்ப வாட்ஸாப் குரூப்பில் வருகிறதே, அது?

வேப்பமரத்தடி:

அம்மாடி, இதற்குப் போய் டாக்டரா? சலூனில் ஷேவ் செய்துவிட்டு முகத்தில் தடவுவார்களே படிகாரக் கல், அதை வாங்கி நனைத்து அக்குளில் தேய். காசு ஒன்றும் பெரிதில்லை, ஒரு கல் வருஷக்கணக்கில் வரும். அது கிடைக்காவிட்டால் எலுமிச்சம்பழ மூடியில் ஆப்ப சோடாவைத் தொட்டுத் தேய்த்து, பத்து நிமிஷம் ஊறவிட்டுக் குளி. உடம்புச் சூடுதான் காரணம். ராத்திரி வெந்தயத்தை ஊறவைத்துக் காலையில் வெறும் வயிற்றில் சாப்பிடு. கெமிக்கல் எல்லாம் வந்த பிறகுதான் இந்த வியாதி எல்லாம்.

ரெண்டுசக்கரம்:

அக்கா, நான் கோயம்புத்தூரில் சாப்பாடு டெலிவரி. எங்களுக்கும் கம்பெனி டீ-சர்ட் பாலியஸ்டர்தான். லிஃப்டில் என்னோடு ஏறுகிறவர்கள் மேலே நம்பரையே பார்த்துக்கொண்டு வருவார்கள், மூச்சு விட மாட்டார்கள். எனக்குக் கை கொடுத்தது உள்ளே போடுகிற காட்டன் பனியன். கை வைத்த பனியனாக இருக்க வேண்டும். கையில்லாத பனியன் நெஞ்சையும் முதுகையும் மூடும், அக்குளை மூடாது. மதியம் ரஷ் முடிந்ததும் பெட்ரோல் பங்க் பாத்ரூமில் அக்குளைக் கழுவி, பனியனை மட்டும் மாற்றிக்கொள்வேன். மேல் சட்டை அதேதான். பிளவுஸுக்குள் இதை எப்படிச் செய்வது என்று தெரியவில்லை, தையல் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

பெட்ரித்தட்டு:

மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் பாடம் எடுக்கிறேன். பிராக்டிகல் வகுப்பில் பிள்ளைகளின் அக்குளில் பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுத்து வளர்த்துப் பார்ப்போம், அதனால் இந்த விஷயத்தில் எனக்குக் கூச்சம் போய் ரொம்ப நாளாகிவிட்டது.

உங்கள் செவ்வாய்க்கிழமைக் கணக்கிலேயே பாதி விடை இருக்கிறது. அதற்கு முன் கொஞ்சம் அடிப்படை.

உடம்பு முழுக்க 20 முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் உண்டு. பெரும்பாலானவை உடம்பைக் குளிர்விக்க உப்புத் தண்ணீர் விடுகிறவை. அடுப்படியில் கொட்டுவது அதுதான். அக்குளிலும் இடுப்புக்குக் கீழேயும் இன்னொரு வகை சுரப்பி இருக்கிறது, பெயர் அபோக்ரைன். பருவ வயதில்தான் வேலையை ஆரம்பிக்கும். கொழுப்பும் புரதமும் கலந்த கெட்டியான திரவம் அதிலிருந்து வரும். பயம், பதற்றம், அவமானம் வந்தால் கூடுதலாகச் சுரக்கும். சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து நின்றால் போதும். அதுவும் வெளியே வரும்போது கிட்டத்தட்ட வாடையே இல்லாமல்தான் வரும். தோலில் குடியிருக்கிற பாக்டீரியா, முக்கியமாகக் கோரினிபாக்டீரியமும் ஸ்டாஃபிலோகாக்கஸில் சில வகைகளும், அதைத் தின்று உடைத்துப் போடுகிற துணுக்குகள்தான் நாறுகின்றன. வெங்காயம் அழுகின மாதிரி ஒரு வீச்சம் அடிக்கிறதே, அது கந்தகம் கலந்த சேர்மம். மிகமிகக் கொஞ்சம் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும்.

சிலருக்குப் பிறவியிலேயே இந்தத் தொல்லை குறைவு. ஏபிசிசி11 என்ற ஒரு மரபணுவில் சின்ன மாற்றம். அவர்களுக்குக் காதுக் குறும்பியும் பிசுபிசுப்பில்லாமல் உலர்ந்து பொடியாக இருக்கும். கொரியாவில் பெரும்பாலானோர் அப்படித்தான். தள்ளி நிற்கிற உங்கள் தோழியும் அப்படி ஓர் அதிர்ஷ்டசாலியோ என்னவோ.

இப்போது ரோல்-ஆன். அதில் இருப்பது அலுமினிய உப்பு. வியர்வையோடு சேர்ந்து களி மாதிரி ஆகி, வியர்வைக் குழாயின் வாயை அடைக்கும். சில நாளில் தோல் உரியும்போது அடைப்பும் போய்விடும். ஆக, உள்ளே எந்த விஷமும் தேங்கி நிற்கவில்லை. வெளியேறுவதற்கும் ஒன்றும் இல்லை. களிமண்ணைக் கொலுப் பொம்மை செய்கிறவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

ஆனால் ரோல்-ஆனை நிறுத்தினால் சில நாளைக்கு ஒரு மாற்றம் தெரியும், அது பொய் இல்லை. ஈரமும் தீனியும் திரும்பக் கிடைத்ததும் பாக்டீரியா பெருகும். அமெரிக்காவில் வட கரோலினாவில் ஜூலி ஹோர்வத் குழு 2016இல் இதைச் சோதித்து வெளியிட்டது. ரோல்-ஆன் போடுகிறவர்களிடம் முதலில் பாக்டீரியா குறைவாக இருந்தது, நிறுத்தச் சொன்னதும் சில நாளிலேயே எண்ணிக்கை ஏறியது. எப்போதுமே எதுவும் போடாதவர்களின் அக்குளில் கோரினிபாக்டீரியம் அதிகம். போட்டுவிட்டு நிறுத்தினவர்களிடம் ஸ்டாஃபிலோகாக்கஸ் குடும்பம் அதிகம். குடித்தனக்காரர்கள் மாறுகிறார்கள், வீடு சுத்தமாகிறது என்று அர்த்தம் இல்லை.

புற்றுநோய்க் கதை ரொம்ப வருஷமாகச் சுற்றுகிறது. இதுவரை நடந்த ஆய்வுகளில் உறுதியான தொடர்பு எதுவும் தெரியவில்லை, அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமும் அதைத்தான் சொல்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுப் பயன்படுத்தவும் என்று அமெரிக்காவில் டப்பாவிலேயே அச்சிட வேண்டும். அந்த எச்சரிக்கைக்கு அர்த்தம் இருக்கிறது. மற்றவர்கள் பயந்து நிறுத்தத் தேவையில்லை. நீங்கள் நிறுத்தியது தோல் கேட்டதால். அது நியாயமான காரணம்.

சென்ட் அடித்துக்கொள்ளச் சொன்ன சூப்பர்வைசருக்கு ஒரு தகவல்: நம் ஊரில் விற்கிற பாடி ஸ்ப்ரே பெரும்பாலும் ஆல்கஹாலும் வாசனையும்தான், வியர்வையை நிறுத்தாது. வாசனைப் பொருள்தான் அக்குள் அலர்ஜிக்கு அடிக்கடி காரணமாகிறது. உங்கள் டாக்டர் அதைத்தான் தவிர்க்கச் சொல்லியிருக்கிறார்.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். அதே உடம்பு, அதே அக்குள், இன்னும் அதிக வியர்வை. மாறுவது துணி மட்டும்.

பெல்ஜியத்தில் கென்ட் பல்கலைக்கழகத்தின் கிறிஸ் காலேவார்ட் குழு 2014இல் ஒரு வேலை செய்தது. 26 பேரைக் காட்டன் டீ-சர்ட்டிலும் பாலியஸ்டர் டீ-சர்ட்டிலும் ஒரு மணி நேரம் சைக்கிள் மிதிக்க வைத்து, அந்தச் சட்டைகளை ஒரு நாளுக்கு மேல் மூடி வைத்து, பிறகு மோந்து பார்ப்பதற்கென்றே பழகினவர்களிடம் கொடுத்தார்கள். பாலியஸ்டர்தான் மோசமாக நாறியது. அதில் மைக்ரோகாக்கஸ் என்கிற பாக்டீரியா செழித்திருந்தது. காட்டன் தண்ணீரை உறிஞ்சும். பாலியஸ்டர் தண்ணீரை உறிஞ்சாது, எண்ணெயை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அபோக்ரைன் விடுகிற கொழுப்பும் நாறுகிற துணுக்குகளும் எண்ணெய்ச் சேர்த்திதான். சாதாரண சோப்புத்தூளில் பச்சைத் தண்ணீர் அலசலுக்கு அது முழுதாகப் போகாது. காய்ந்து கிடக்கும்போது தெரியாது. உடம்புச் சூடு பட்டதும் எழும்பும். நீங்கள் சொன்ன அந்த அரை மணி இதுதான் என்று நினைக்கிறேன். அவ்வளவு சீக்கிரம் வருகிற நாற்றம் இன்றைய வியர்வையாக இருக்க வாய்ப்புக் குறைவு, பழைய பாக்கி.

சோதிப்பது சுலபம். துவைத்துக் காய்ந்த பிளவுஸை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி திருப்பி, அக்குள் தையல் மேல் இஸ்திரிப் பெட்டியை லேசாக வைத்து எடுத்து, உடனே மோந்து பாருங்கள்.

வேப்பமரத்தடி ஐயா சொன்னதைப் பற்றி. படிகாரம் நல்ல யோசனை. பாக்டீரியாவை அடக்கும், வாசனையும் கிடையாது. ஆனால் அதன் முழுப் பெயர் பொட்டாசியம் அலுமினியம் சல்ஃபேட், அதுவும் கெமிக்கல்தான் ஐயா, அதுவும் அலுமினியம்தான். ஆறின தோலில், குளித்த ஈரத்தோடு கல்லை இரண்டு இழுப்பு இழுத்தால் போதும். எரிந்தால் நிறுத்திவிடுங்கள். எலுமிச்சையும் ஆப்ப சோடாவும் வேண்டவே வேண்டாம். நம் தோல் லேசான அமிலத் தன்மை உள்ளது. சோடா அதைக் காரப் பக்கம் இழுக்கும், எலுமிச்சை அமிலத்திலேயே முக்கி எடுக்கும். இப்போதுதான் ஆறின இடத்தில் இரண்டையும் தேய்த்தால் மறுபடி டாக்டரிடம் போக வேண்டியதுதான். வெந்தயத்தில் சோடோலோன் என்று ஒரு வாசனைப் பொருள் இருக்கிறது. அது செரிமானத்தில் அழியாமல் வியர்வையிலும் சிறுநீரிலும் வெளியே வரும், பாகு காய்ச்சின மாதிரி ஓர் இனிப்பு வாடை. கெட்டது இல்லை. கற்றாழை நாற்றத்தோடு அதுவும் சேர வேண்டுமா என்பதுதான் கேள்வி.

ஊசிநூல்:

ஈரோட்டில் பிளவுஸ் தைக்கிறேன். பெட்ரித்தட்டு சார் எழுதினதை எங்கள் மூக்கிடம் கேட்டிருந்தால் முன்னாடியே சொல்லியிருக்கும். ஆல்டரேஷனுக்கு வருகிற பழைய பிளவுஸ் எல்லாம் துவைத்துத்தான் கொண்டுவருவார்கள். காட்டன் பிளவுஸில் தையல் பிரித்து இஸ்திரி போட்டால் ஒன்றும் தெரியாது. சிந்தடிக் என்றால் பெட்டி பட்டதும் கடையை விட்டு வெளியே ஓட வேண்டும். வேர்வை துணியை விடத் தையலில்தான் அதிகம் ஊறும். அக்குளில் நாலு தையல் ஒன்றாகக் கூடும், கைத் தையலும் பக்கத் தையலும். அதோடு பிற்பாடு பிரித்துக்கொள்ளலாம் என்று உள்ளே துணி விட்டுத் தைத்திருப்போம். அந்த இடம் நாலைந்து மடிப்பு. தண்ணீரே உள்ளே போகாது.

யூனிஃபார்ம் பிளவுஸ் மொத்தமாகத் தைத்து வருவது. லைனிங் இருக்காது, இருந்தாலும் வழவழவென்று சாட்டின் மாதிரி ஒன்று வைத்திருப்பார்கள், அதுவும் பாலியஸ்டர். நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். முழு லைனிங் கொடுத்தால் பிளவுஸ் இறுகும், புழுக்கமும் கூடும். அக்குளுக்கு மட்டும் காட்டன் வையுங்கள். டூ-பை-டூ துணியில் கால் மீட்டர் வாங்கினால் மிச்சம் ஆகும். வாங்கினதும் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டுக் காய வைத்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் முதல் துவையலிலேயே சுருங்கி, மேல் துணியைச் சுருட்டி இழுத்துவிடும்.

இரண்டு விதம் உண்டு. ஒன்று, அக்குள் வளைவில் நிரந்தரமாக வைத்துத் தைத்துவிடுவது. இன்னொன்று கழற்றி மாட்டுகிற மாதிரி. உள்ளங்கை அகலத்தில் இரண்டு பிறை வெட்டி, வளைந்த பக்கத்தை அக்குள் தையலோடு சேர்த்து, ஒரு பாதி கைப்பக்கம், ஒரு பாதி உடல்பக்கம் விழுகிற மாதிரி. நாலு பிரஸ் பட்டன் போதும். மதியம் ஈரமானதைக் கழற்றிவிட்டுக் காய்ந்ததை மாட்டிக்கொள்ளலாம். டெலிவரித் தம்பி பனியன் மாற்றுகிற அதே வேலைதான். கடையில் ஒட்டுகிற பேட் கிடைக்கிறது, அதை நான் சொல்ல மாட்டேன். பசை அலர்ஜி தோலுக்கு ஆகாது, கையைத் தூக்கினால் சுருண்டு வெளியே எட்டியும் பார்க்கும்.

கூடுவாஞ்சேரிக்காரி:

எல்லோருக்கும் நன்றி. இஸ்திரிப் பெட்டி சோதனை செய்தேன். ஐயோ. துவைத்து, கம்ஃபர்ட் போட்டு, மொட்டை மாடியில் காய்ந்த பிளவுஸ் சார். கையில் எடுத்தால் பூ வாசனை. பெட்டியை வைத்து எடுத்ததும் அந்தப் பூவுக்கு அடியிலிருந்து அப்படியே மதியம் மூன்று மணி கடை வாடை எழும்பியது. என் மாமியார் ஹாலிலிருந்து "என்ன கருகுது?" என்றார். அதே பெட்டியை நைட்டி அக்குளில் வைத்துப் பார்த்தேன், வெறும் துணி வாசனை. இவ்வளவு நாளும் என் உடம்பைத் திட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

இப்போது சந்தேகங்கள். இருக்கிற இரண்டு பிளவுஸையும் காப்பாற்ற முடியுமா? புது செட் தீபாவளிக்குத்தான் தருவார்கள். சூப்பர்வைசரிடம் உள்ளே துணி வைத்துத் தைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன், வெளியே தெரியாவிட்டால் சரி என்றார். கடை பாத்ரூமில் தண்ணீர் வருகிறது. சாப்பாட்டு நேரத்தில் எனக்கு ஐந்து நிமிஷம் கிடைக்கும், அதில் என்ன செய்யலாம்? ஊசிநூல் அக்கா, பிரஸ் பட்டன் அக்குளில் குத்தாதா?

பெட்ரித்தட்டு:

காப்பாற்றலாம். முதலில் கம்ஃபர்ட்டை நிறுத்துங்கள். துணியை மென்மையாக்குகிற எதுவும் நூலின் மேல் ஒரு வழவழப்புப் படலம் விடும். அடியில் இருக்கிற எண்ணெய் அதற்குள் பத்திரமாக இருக்கும்.

பிளவுஸை உள்பக்கம் திருப்பி, அக்குளை நனைத்து, பாத்திரம் தேய்க்கிற லிக்விட்டில் சில சொட்டு விட்டுத் தையல் மேல் பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். எண்ணெயை எடுக்கத்தானே அது இருக்கிறது. அரை மணி விட்டு அலசுங்கள். அதற்கு அப்புறம் கை பொறுக்கிற வெந்நீரில் ஆக்சிஜன் ப்ளீச் போட்டுச் சில மணி நேரம் ஊற வையுங்கள். பாக்கெட்டில் சோடியம் பெர்கார்பனேட் என்று போட்டிருக்கும், ஆன்லைனில் சுலபமாகக் கிடைக்கிறது. பாலியஸ்டர் சாயம் பெரும்பாலும் தாங்கும், இருந்தாலும் முந்தானைக்குள் மறைகிற ஒரு மூலையில் முதலில் சோதித்துக்கொள்ளுங்கள். வெள்ளை வினிகரில் ஊற வைக்கச் சொல்வார்கள், ஓரளவு கேட்கும். ஒன்று மட்டும் மறக்காதீர்கள், வினிகரையும் பாத்ரூம் கழுவுகிற குளோரின் ப்ளீச்சையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. வருகிற வாயு நுரையீரலைப் பதம் பார்க்கும்.

மறுபடி இஸ்திரிப் பெட்டி வைத்துப் பாருங்கள். வாடை மிச்சம் இருந்தால் இன்னொரு சுற்று. அதற்குப் பிறகு தினமும் வீட்டுக்கு வந்ததும் பிளவுஸை மூட்டையில் சுருட்டிப் போடாமல் அக்குளை மட்டுமாவது அன்றிரவே அலசிக் காயப் போட்டுவிடுங்கள். ஈரத்தோடு சுருண்டு கிடக்கிற ராத்திரிதான் பாக்டீரியாவுக்குத் திருவிழா.

அந்த ஐந்து நிமிஷத்துக்கு: ஒரு கைக்குட்டையை நனைத்து வாசனை இல்லாத சோப்பு கொஞ்சம் தொட்டு அக்குளைத் துடைத்து, இன்னொரு ஈரத் துணியால் சோப்பை எடுத்து, முழுதாகக் காய விட்டு, அப்புறம் புதுப் பிறையை மாட்டுங்கள். முழுதாகக் காய்வதுதான் முக்கியம். முடியைக் கத்தரிக்கோலால் குட்டையாக வெட்டிவிடுங்கள். சோப்பு தோலைத் தொடும், வியர்வை தங்குகிற இடம் குறையும். ஆறின புதிதில் ரேசர் வேண்டாம்.

இவ்வளவுக்கும் அடங்காவிட்டால், முகப்பருவுக்குக் கொடுக்கிற பென்சாயில் பெராக்சைடு வாஷ், 2.5 சதவீதம், வாரத்தில் சில இரவு அக்குளில் தடவி ஒரு நிமிஷத்தில் கழுவிவிடலாம். பாக்டீரியாவுக்கு அது நல்ல மருந்து. ஆனால் உங்கள் தோலுக்கு உங்கள் டாக்டர் சம்மதம் வேண்டும். அது துணிச் சாயத்தையும் தின்னும். வெள்ளைத் துண்டில் துடையுங்கள், மெரூன் பிளவுஸ் பக்கம் போகாதீர்கள்.

ரோல்-ஆனுக்கே திரும்பலாமா என்றும் டாக்டரிடம் கேட்டு வையுங்கள். வாசனை சேர்க்காதது கிடைக்கிறது. அதை ராத்திரி, காய்ந்த தோலில் போட வேண்டும். தூக்கத்தில் வியர்வை குறைவு, அப்போதுதான் குழாயின் வாயில் சரியாகப் படியும். காலையில் குளித்து ஈரத்தோடு அவசரமாகப் பூசிக்கொண்டு ஓடினால் பாதி கையில், பாதி பிளவுஸில்.

இரவுப்பணி:

நான் நர்ஸ். மேலே சொன்னதெல்லாம் சரி, நான் ஒரு பக்கம் மட்டும் சேர்க்கிறேன், இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகவும். வாடை திடீரென்று வேறு மாதிரி மாறினால், மீன் வாடை மாதிரி மூச்சிலும் சிறுநீரிலும் சேர்ந்து வந்தால், ராத்திரி படுக்கை நனைகிற அளவு வியர்த்தால், கூடவே எடை குறைந்தால், துணி மாற்றிச் சோதித்துக்கொண்டு இருக்காதீர்கள், டாக்டரிடம் போங்கள். தைராய்டு, சர்க்கரை எல்லாம் பார்ப்பார்கள். அக்குள் முடியில் மஞ்சளாகப் பொடிப் பொடியாக ஒட்டி, குளித்தாலும் போகாமல் இருந்தால் அது அழுக்கு இல்லை, பாக்டீரியாக் கூட்டம். முடியை எடுத்துவிட்டு ஒரு மருந்து தடவினால் போய்விடும், கூச்சப்பட்டு வருஷக்கணக்கில் வைத்திருக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வாடையே இல்லாமல் ஆனால் சட்டை நனைந்து சொட்டுகிற அளவுக்கு வியர்ப்பது தனி வியாதி, அதற்குத் தனி சிகிச்சை உண்டு.

கூடுவாஞ்சேரி அக்கா, தோல் கறுத்தது உடனே போகாது. அதைத் தேய்த்துத் தேய்த்து வெள்ளையாக்கப் பார்க்காதீர்கள். தேய்த்தால் இன்னும் கறுக்கும்.

வேப்பமரத்தடி:

படிகாரம் நல்ல யோசனை என்று புரொஃபசரே சொல்லிவிட்டார். அது போதும் எனக்கு. வெந்தயத்தை நான் விட மாட்டேன், எனக்கு மோந்து பார்க்க ஆள் இல்லை.

ஊசிநூல்:

பிரஸ் பட்டன் குத்தாது, அக்குள் குழியில் வைக்காமல் இருந்தால். பிறையின் இரண்டு முனையிலும் ஒன்று வையுங்கள், அந்த முனை முன்பக்கமும் பின்பக்கமும் கைத் தையல் மேல் வந்து விழும், அங்கே சதை உரசாது. இரும்புப் பட்டன் வேர்வையில் துருப் பிடிக்கும், பிளாஸ்டிக் வாங்குங்கள். தைக்கும்போது ஆண் பக்கம் பிறையில், பெண் பக்கம் பிளவுஸில். எல்லாப் பிறைக்கும் ஒரே அளவு வைத்துக்கொண்டால் எந்த பிளவுஸுக்கும் எதையும் மாட்டலாம். பிளவுஸ் இரண்டுதான் என்றாலும் பிறையை ஒரு டஜன் வெட்டிவிடுங்கள், கால் மீட்டரில் வந்துவிடும்.

இன்னொன்று. தையல்காரரிடம் கொடுக்கும்போது அக்குளில் உள்ளே விட்டிருக்கிற உபரித் துணியைக் கொஞ்சம் வெட்டிவிடச் சொல்லுங்கள். உடம்பு ஏறினால் பிரிக்க வேண்டுமே என்று அவர் தயங்குவார். அரை இஞ்ச் விட்டால் போதும் என்று சொல்லுங்கள். அந்த மடிப்புப் போனாலே பாதி வாடை போகும்.

கூடுவாஞ்சேரிக்காரி:

செவ்வாய் லீவில் டூ-பை-டூ வாங்கிவிடுகிறேன் அக்கா. எங்கள் கடையிலேயே ஸ்டாஃப் தள்ளுபடி உண்டு. பிறைக்கு மெரூனே வேண்டுமா, வெள்ளை போதுமா?

ஊசிநூல்:

வெள்ளை வேண்டாம், கையைத் தூக்கினால் பளிச்சென்று தெரியும். மெரூன் புதிதில் சாயம் விடும், ஆறின தோல் என்கிறீர்கள். சந்தனக் கலர் எடுங்கள்.